கைமாற்றாக வந்த பாதுகாப்பு: குறைமாதக் குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தை, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இது இரண்டாவது பிரசவம். 33-ஆவது வாரத்தில் ரத்த அழுத்தம் எகிறியதால் சிசேரியன். ஆண் குழந்தை, 1.9 கிலோ. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். தாயும் தீவிர சிகிச்சையில் இருந்ததால் முதல் மூன்று நாள் சீம்பால் கொடுக்க முடியவில்லை. நான்காம் நாளிலிருந்து கறந்த பால், இப்போது நேரடியாகத் தாய்ப்பால். இன்று குழந்தைக்கு ஏழு வாரம், எடை 2.9 கிலோ. பிறந்தபோது ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாயிற்று. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை ‘எடை கூடட்டும்’ என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் போட வேண்டிய கக்குவான் தடுப்பூசிக்கு 34-ஆவது வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள்; அதற்குள் பிரசவமே ஆகிவிட்டது.

ஆறாவது வாரத் தடுப்பூசிகளுக்கு மருத்துவர் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “நாள் தப்பாமல் பிறந்திருந்தால் இந்த வாரம்தான் பிறந்திருப்பான். அந்தக் கணக்கில் இன்னும் ஆறு வாரம் பொறுக்கலாம்” என்கிறார் கணவர். “எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளைக்கு ஒரே நாளில் இத்தனை ஊசியா?” என்கிறார் மாமியார். “தாயின் எதிர்ப்பு சக்தி ஆறு மாதம் வரை இருக்கும், அதுவரை ஊசி வேலையே செய்யாது” என்று எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறார் மைத்துனர். ‘இம்யூனிட்டி’ கூட்டும் என்று யாரோ ஒரு சொட்டு மருந்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சீம்பால் தப்பியதும் சிசேரியன் ஆனதும் பெரிய இழப்புதானா, ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா, மழலையர் பள்ளிக்குப் போய்ச் சளியோடு திரும்பும் நாலு வயது மகளைக் கொஞ்ச நாள் தாத்தா பாட்டி வீட்டில் விடலாமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரி இது: “என் அண்ணன் ஒருவர் எனக்கு முன் பிறந்து, நிமோனியா திரும்பத் திரும்ப வந்து, ஆறாம் மாதத்தில் இறந்துபோனாராம். அம்மா அதையே சொல்லிச் சொல்லிப் பயப்படுகிறார்.”

அன்புள்ள சகோதரி,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். ஆறாவது வாரத்தில் ஊசியாகப் போடப்படும் தடுப்பூசிகளை இந்த வாரமே போட்டுவிடுங்கள். உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகள் அடங்கிய, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, போலியோ சொட்டு, பிசிஜி ஆகியவற்றை மட்டும் ஒரு எளிய ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். அந்தப் பரிசோதனை நீங்கள் கேட்ட ஐஜிஜி அல்ல, வேறொன்று. வாங்கி வைத்திருக்கும் சொட்டு மருந்தைத் திறக்கவே வேண்டாம். மகளை எங்கும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் யாரையும் மறுத்துப் பேச முடியாமல் தவிக்கிறீர்கள்.

கருவறையில் நடந்து முடிந்த வேலை

‘எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளை’ என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். கருத்தரித்த மூன்றாவது வாரத்திலேயே, கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் முதல் ரத்த அணுக்கள் தோன்றிவிடுகின்றன. கிருமிகளை விழுங்கும் செல்களின் முன்னோடிகளும் அவற்றோடு அங்கேயே உருவாகின்றன. இன்னும் சில வாரங்களில் இந்த உற்பத்தி கருவின் கல்லீரலுக்கு இடம் மாறுகிறது. அதன் பிறகு மெல்ல எலும்பு மஜ்ஜைக்கு நகர்ந்து, கடைசி மூன்று மாதங்களில் மஜ்ஜையே முதன்மையான இடமாகிவிடுகிறது. உங்கள் மகன் 33-ஆவது வாரத்தில் பிறந்தபோது இந்த மாற்றமெல்லாம் பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது.

தைமஸ் என்ற சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருப்பது. எட்டு ஒன்பது வாரத்தில் கல்லீரலிலிருந்து கிளம்பி வரும் இளம் செல்கள் இதில் குடியேறி, எதிர்ப்பு வேலையை வழிநடத்தும் டி செல்களாக மாறுகின்றன. 12 முதல் 14 வாரத்துக்குள் முதிர்ந்த டி செல்கள் அங்கே தயார். சொந்த உடலையே தாக்கக்கூடியவை, எதற்கும் உதவாதவை எல்லாம் இங்கேயே கழித்துக்கட்டப்படுகின்றன. உள்ளே போவதில் மிகச் சிறு பங்குதான் வெளியே வருகிறது. உடல் எடையோடு பார்த்தால் பிறக்கும் நேரத்தில்தான் தைமஸ் மிகப் பெரியது. பச்சைக் குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில், இதயத்தின் மேல்பக்கம் பாய்மரம் போல ஒரு வெள்ளை நிழலாகத் தெரியும். அனுபவம் குறைந்த கண்ணுக்கு நிமோனியா போலவும் தோன்றும். இந்தச் சுரப்பி எதற்கென்றே 1961-இல் ஜாக் மில்லர் எலிகளில் காட்டும்வரை மருத்துவ உலகுக்குத் தெரியாது. அதற்கு முன், ‘தைமஸ் பெரிதாக இருக்கிறது, மூச்சை அடைக்கும்’ என்று நல்ல குழந்தைகளுக்கே கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கிய காலமும் இருந்தது. பிற்காலத்தில் அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது.

ஆக, செல்கள் இருக்கின்றன. ஆனால் அவை அடங்கி நடக்கப் பழகியவை. கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதி மரபணு தந்தையுடையது, தாயின் உடலுக்கு அந்நியம். தாயின் செல்களில் சில நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள்ளும் போகின்றன. அவற்றில் சில பல பத்தாண்டுகள் கழித்தும் பெரியவர்களின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இருவரும் ஒருவரையொருவர் தாக்காமல் ஒன்பது மாதம் கழிய வேண்டும். அதற்காகக் கருவின் நிணநீர் முடிச்சுகளில், மற்ற டி செல்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு டி செல்கள் மிகுதியாக இருக்கின்றன. தாயின் செல்களைக் கண்டு பொங்காமல் பார்த்துக்கொள்வது அவைதான்.

பிறந்த பிறகும் இந்த அடக்கம் தேவை. முதல் சில நாட்களிலேயே குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. அத்தனையோடும் சண்டைக்குப் போனால் அந்த அழற்சியே குழந்தையை வீழ்த்திவிடும். ஆகவே இந்த அமைதியைக் குறைபாடு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியாக்களை எதிர்க்கும் நியூட்ரோஃபில் செல்களின் இருப்பு பச்சைக் குழந்தையின் மஜ்ஜையில் குறைவு. தொற்று கடுமையானால் சீக்கிரமே தீர்ந்துவிடும். கிருமிகளைத் துளைக்க உதவும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ பாதிதான். குறைமாதத்தில் பிறந்தால் தோலும் மெல்லியது. அதனால் பச்சைக் குழந்தைக்கு வரும் தொற்று சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவலாம். உங்கள் மாமியாரின் பயத்தில் உள்ள உண்மை இதுதான். அவர் எடுக்கும் முடிவுதான் தவறு.

கைமாற்றுக் கணக்கு

இனி உங்கள் மைத்துனர் சொல்வதற்கு வருகிறேன். தாய் தரும் எதிர்ப்புப் புரதங்களில் ஐஜிஜி என்ற வகை மட்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது. அது தானாகக் கசிவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்களில் உள்ள ஓர் ஏற்பி அதைப் பிடித்துச் சுமந்து மறுபக்கம் இறக்குகிறது. இதைத் திரும்பக் கேட்காத, ஆனால் தினமும் கரைந்துகொண்டே இருக்கும் கைமாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடத்தல் சுமார் 13-ஆவது வாரத்தில் தொடங்குகிறது. 17 முதல் 22 வாரத்தில் குழந்தையின் ஐஜிஜி தாயின் அளவில் 5 முதல் 10 சதவீதம்தான். 28 முதல் 32 வாரத்தில் ஏறத்தாழ பாதி. நிறைமாதத்தில் தாய்க்குச் சமம், பல நேரம் தாயைவிடச் சற்று அதிகம். பெரும்பகுதி கடைசி சில வாரங்களில்தான் வந்து சேர்கிறது. உங்கள் மகனுக்குக் கிடைக்காமல் போனது அந்தக் கடைசிப் பங்குதான்.

ஐஜிஜி ரத்தத்தில் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உங்கள் ரத்தத்தில் 100 பங்கு என்றால், பிறக்கும்போது அவனிடம் 50, 60 பங்கு இருந்திருக்கும். ஏழு வாரத்தில் அது இரண்டு முறைக்கும் மேல் பாதியாகி, இன்று 10 முதல் 12 பங்கு. குழந்தை வளர வளர ரத்தமும் கூடுவதால் இன்னும் நீர்த்துப்போகும். நிறைமாதக் குழந்தைக்கு இதே நிலை வர இன்னும் மூன்று வாரமாவது ஆகும். ‘ஆறு மாதம் வரை பாதுகாப்பு’ என்பது எல்லாக் குழந்தைக்கும் எல்லா நோய்க்கும் பொருந்தும் பேச்சு அல்ல.

கைமாற்று வாங்கியதில் எது இருந்தது என்பதும் முக்கியம். உங்கள் ரத்தத்தில் எந்த நோய்க்கு எதிரான புரதம் நிறைய இருந்ததோ அதுதான் அவனுக்கும் வந்திருக்கும். கர்ப்பகாலக் கக்குவான் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்வது, கடத்தல் வேகமெடுக்கும் காலத்தில் அந்தப் புரதம் உங்கள் ரத்தத்தில் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பிரிட்டனில் 2012-இல் இந்தத் திட்டம் தொடங்கியபின், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கக்குவான் சுமார் 90 சதவீதம் தடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். உங்களுக்கு அந்த ஊசி தவறிவிட்டது, அதில் யார் மேலும் குற்றமில்லை. கக்குவானால் உயிருக்கு ஆபத்து மிக அதிகம் இருப்பது முதல் மூன்று மாதத்தில். இந்த வயதில் ‘ஊப்’ என்ற அந்த இழுப்புச் சத்தம் கூட வராமல், மூச்சு நின்று நின்று போவதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தாயின் புரதம் தடுப்பூசிக்குக் குறுக்கே நிற்கும் என்று மைத்துனர் படித்ததும் பொய் இல்லை. தட்டம்மை ஊசியை ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் வரை தள்ளிவைப்பது அதனால்தான். அது உயிருள்ள வைரஸ். தாயின் புரதம் அதை வேலை தொடங்குமுன்பே முடக்கிவிடும். ஆறாவது வாரத்தில் போடும் கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஊசிகளில் பெருகும் கிருமியே கிடையாது. தாயின் புரதம் அவற்றின் பலனைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அடுத்தடுத்த தவணைகள் அதை ஈடுகட்டும்.

உங்கள் கணவரின் கணக்கு நுட்பமானது. குழந்தை எப்போது தலை நிற்கும், எப்போது சிரிக்கும் என்பதற்கு நாங்களும் அவர் சொல்வது போலத்தான் பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுகிறோம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாளிலிருந்து. எதிர்ப்பு அமைப்பு முதிர்வதற்கு நாட்காட்டியைவிட வெளியுலகத்தின் தொடுகை முக்கியம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நூறு குழந்தைகளின் ரத்தத்தைப் பிறப்பிலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை தொடர்ந்து பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்தபோது குறைமாதக் குழந்தைகளின் செல்களும் நிறைமாதக் குழந்தைகளின் செல்களும் வெவ்வேறு மாதிரி இருந்தன. மூன்று மாதத்துக்குள் இரண்டும் ஒரே பாதைக்கு வந்துவிட்டன. உங்கள் மகனின் செல்களும் ஏழு வாரமாக வெளியுலகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரே நாளில் இத்தனை ஊசி

இதற்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு நாள் பால் குடித்து, விரல் சூப்பி, உங்கள் தோளில் சாய்ந்து தூங்குவதற்குள் அவன் உடல் சந்திக்கும் கிருமிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்த ஊசிகளில் இருப்பது சொற்பம். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போல சர்க்கரை உறை போர்த்திய பாக்டீரியாக்களை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின், எதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல்கள் சரியாக அடையாளம் காண்பதில்லை என்பது உண்மைதான். அதனால் அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசி செய்கிறார்கள். புரதத்தைக் கண்டால் டி செல்கள் உதவிக்கு வந்துவிடும். அதாவது இந்த வயதுக் குழந்தையின் பலவீனத்தைக் கணக்கில் எடுத்தே ஊசி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். மிகக் குறைந்த வாரத்தில் பிறந்து இன்னும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளில் சிலருக்கு, முதல் தவணைக்குப் பின் இரண்டு மூன்று நாள் மூச்சு விட்டுவிட்டு வரலாம். அவர்களைக் கண்காணிப்பில் வைத்துப் போடுவார்கள். 33 வாரத்தில் பிறந்து, வீட்டில் நன்றாகக் குடித்து எடை கூடியிருக்கும் குழந்தைக்கு அந்தக் கவலை குறைவு. என்றாலும் என்.ஐ.சி.யூ.வில் மூச்சு நின்ற சம்பவம் ஏதும் இருந்திருந்தால் ஊசி போடுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுப்பதா என்பதையும் அவரிடமே கேளுங்கள், அளவு எடையைப் பொறுத்தது.

சீம்பால், சிசேரியன்

சீம்பால் தப்பினால் எல்லாமே போச்சு என்ற பேச்சு கன்றுக்குட்டி விஷயத்தில் முழு உண்மை. பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதத்தைக் கடத்தாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறந்து, முதல் நாள் சீம்பாலிலிருந்துதான் அதைக் குடல் வழியாக ரத்தத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஒரு நாளுக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். மனிதக் குழந்தை அந்தப் புரதத்தை நஞ்சுக்கொடி வழியாகவே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. நம் பாலில் உள்ளது பெரும்பாலும் ஐஜிஏ என்ற வேறு வகை. அது ரத்தத்துக்குப் போவதில்லை. குடலின் உட்சுவரில் படிந்து கிருமிகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. சீம்பாலில் அதன் அடர்த்தி மிக அதிகம் என்பதால் முதல் மூன்று நாள் கிடைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் ஐஜிஏ நீங்கள் பால் கொடுக்கும் கடைசி நாள் வரை வரும். குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகல் நோய் தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவு. நான்காம் நாளிலிருந்து நீங்கள் கறந்து கொடுத்ததுதான் என்.ஐ.சி.யூ. நாட்களில் அவனுக்குக் கிடைத்த பெரிய மருந்து.

சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் முதல் வாரங்களில் இருக்கும் பாக்டீரியாக்கள் வேறுபட்டவைதான். மாதங்கள் போகப் போக அந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது, தாய்ப்பால் அதை இன்னும் விரைவுபடுத்தும். இயற்கைப் பிரசவத்துக்கு ஈடாகத் தாயின் யோனித் திரவத்தைக் குழந்தையின் மேல் தடவுவது பற்றி யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆய்வுக்கு வெளியே அது பரிந்துரைக்கப்படவில்லை, தொற்றுதான் மிஞ்சும்.

உங்கள் அண்ணனைப் பற்றிய அந்த வரி

நீங்கள் போகிற போக்கில் எழுதியதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு பெண்ணின் சகோதரன் ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்த நிமோனியாவில் இறந்திருக்கிறான், இப்போது அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவர் ஒரு பரிசோதனை கேட்டாக வேண்டும். அந்தக் குழந்தை சாதாரண நிமோனியாவில் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் டி செல்களே உருவாகாத ‘ஸ்கிட்’ என்ற அரிய பிறவி நோய் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்ததில் சுமார் 58,000 பேருக்கு ஒருவருக்கு இருந்தது. அதில் ஒரு முக்கிய வகை எக்ஸ் குரோமோசோம் வழியாகப் போகும். அந்த மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அவருடைய மகன்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் ஆரோக்கியமாக இருப்பதை வைத்து இதை விலக்க முடியாது.

இந்தக் குழந்தைகள் பிறந்த புதிதில் நன்றாகவே இருப்பார்கள், தாயின் கைமாற்று காப்பாற்றிக்கொண்டிருக்கும். அது தீரும் மூன்றாம், நான்காம் மாதத்தில்தான் நோய் முகம் காட்டும். அவர்களுக்குத்தான் உயிருள்ள தடுப்பு மருந்துகள் ஆபத்து. வீரியம் குறைந்த கிருமியே அவர்கள் உடலில் தங்கு தடையின்றிப் பெருகும். அதனால்தான் ரோட்டா, போலியோ சொட்டுகளையும் பிசிஜியையும் மட்டும் நிறுத்தச் சொன்னேன். உயிரற்ற ஊசிகளால் அப்படிப்பட்ட குழந்தைக்கும் தீங்கில்லை.

ஐஜிஜி ஏன் வேண்டாம் என்பதும் இங்கேதான் வருகிறது. ஏழாம் வாரத்தில் அவன் ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஜி பெரும்பாலும் உங்களுடையது. அந்த எண் நன்றாக இருந்தாலும் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. குறைவாக இருந்தாலும் குறைமாதக் குழந்தைக்கு அது எதிர்பார்த்ததே. எண்ணைப் பார்த்துப் பயந்து, ‘இம்யூனோகுளோபுலின் ஏற்றலாமா’ என்ற கேள்விக்குப் போவீர்கள். நலமாக இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

கேட்க வேண்டியவை இவை:

ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும், அதில் லிம்ஃபோசைட்டுகளின் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) மொத்த எண்ணிக்கையும். விரலளவு ரத்தம் கூடத் தேவையில்லை, பெரும்பாலும் அன்றே முடிவு வந்துவிடும். இந்த வயதில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-க்குக் கீழே இருந்தால் டி செல்களைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்.ஐ.சி.யூ.வில் எடுத்த மார்பு எக்ஸ்ரே. நான் சொன்ன தைமஸ் நிழல் அதில் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடும் நோயிலும் அது சுருங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார், ஆனால் கூடுதல் துப்பு.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ட்ரெக்’ இருந்ததா என்ற விவரம். தைமஸிலிருந்து புதிதாக வெளிவரும் டி செல்களின் அடையாளம் அது. 2008-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் முதன்முதலில் எல்லாப் பிறப்புகளுக்கும் தொடங்கியது. எல்லா இடத்திலும் இன்னும் இல்லை. உங்கள் மகனின் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

முடிவு சந்தேகமாக வந்தால் நோய் எதிர்ப்பியல் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். தொற்று வருமுன், மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். சரியாக வந்தால், நான் எதிர்பார்ப்பது அதையே, நிறுத்திவைத்த சொட்டுகளை உடனே கொடுத்துவிடுங்கள். ரோட்டாவின் முதல் தவணையைப் பல நாடுகளில் 15 வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்: அண்ணனுக்கு வாயில் வெள்ளைப் படலம் ஆறாமல் இருந்ததா, வயிற்றுப்போக்கு நிற்காமல் போனதா, எடை ஏறாமல் நின்றதா, அம்மாவின் சகோதரர்களில் யாராவது சிசுவிலேயே போனார்களா? அந்தப் பதில்கள் உங்கள் மருத்துவருக்கு மிகவும் உதவும். அவருடைய பயத்துக்கும் அப்போது ஒரு வேலை கிடைக்கும்.

வீட்டில்

மகளின் சளி பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் அவளைப் பிரித்து வைப்பதில் பலன் குறைவு. அவளுடைய தடுப்பூசிகள் முழுமையா என்று பாருங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவி, உடை மாற்றட்டும். சளி இருக்கும் நாளில் தம்பியின் காலைத் தொட்டுக் கொஞ்சலாம், முகத்தில் முத்தம் மட்டும் வேண்டாம். அவளிடமிருந்து உங்களுக்கும் அந்தச் சளி தொற்றினால், பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் சந்திக்கும் கிருமிக்கு எதிராக உங்கள் குடலிலும் மூச்சுக்குழாயிலும் பழகிய செல்கள் மார்புக்கு வந்து, அதே கிருமிக்கான ஐஜிஏயைப் பாலில் சேர்க்கின்றன. முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள். நீங்களும் கணவரும் குழந்தையைத் தூக்கும் மற்ற பெரியவர்களும் கக்குவான் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது போடத் தடையில்லை. வீட்டுக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது. வெறும் மார்பில் தோலோடு தோல் ஒட்டி அணைத்துவைக்கும் கங்காரு முறையை எடை நன்றாகக் கூடும்வரை தொடருங்கள், கணவரும் செய்யலாம்.

அந்தச் சொட்டு மருந்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தேன் கலந்திருந்தால் ஒரு வயது வரை அது ஆபத்து. பொட்டுலிசம் என்ற நரம்பு முடக்க நோய் வரலாம். உயிருள்ள பாக்டீரியா கலந்தது என்றால் குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இரண்டும் இல்லையென்றால் பயனும் இல்லை. உண்மையிலேயே கேட்டுப் பார்க்க வேண்டியது வேறொன்று. மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிராக, தயாராகச் செய்த எதிர்ப்புப் புரதத்தை ஒரே ஊசியாகப் போடும் மருந்து நிர்செவிமாப். நஞ்சுக்கொடியில் ஐஜிஜியைச் சுமந்த அதே ஏற்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றியிருப்பதால், சுமார் ஐந்து மாதம் பாதுகாப்புத் தரும். எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைக்க வேண்டியது. 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல். போர்த்தி அணைத்த பிறகும் 36-க்கு மேல் ஏறாத குளிர்ந்த உடல். இரண்டு வேளை தொடர்ந்து பால் மறுத்தல். எழுப்பினாலும் விழிக்காத சோர்வு. நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, முனகல், விலா உள்வாங்குதல். மூச்சு நிற்பது, உதடு நீலமாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஊசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சலாக இருந்தாலும் இந்த வயதில் ‘ஊசிக் காய்ச்சல்தான்’ என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

லிம்ஃபோசைட் எண்ணிக்கை வந்ததும் எழுதுங்கள். அறிக்கையில் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், மொத்த வெள்ளணு எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.